பட்டியலில் விடுபட்ட எண்

2,93,31,86,25,600. அதாவது, 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. நாகமலைப் புதுக்கோட்டையின் மலையடிவாரத்தில் ஒருவர் அமர்ந்து, ஊண் உறக்கமின்றி விநாடிக்கு ஒன்றாக எண்ணிக்கொண்டே போனாலும், இவ்வெண்ணை எட்ட 9,200 ஆண்டுகளுக்கு மேல் செல்லும். ஆயினும் இதன் பெருமை பருமனில் இல்லை; பங்கிடுவதற்கு இசைந்து கொடுக்கும் குணத்தில் இருக்கிறது.

பன்னிரண்டு வாழைப்பழங்களை இருவருக்கும் பங்கிடலாம். மூவருக்கும், நால்வருக்கும், அறுவருக்கும் மீதியின்றிப் பங்கிடலாம். ஒன்றையும் பன்னிரண்டையும் சேர்த்தால் பன்னிரண்டை மீதியின்றி வகுக்கும் எண்கள் ஆறு. அதற்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் கிடையா. நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பிரித்தனர். அறுபதுக்கு வகுத்திகள் 12. நூறு பெரிய எண்ணாயிருந்தும் அதற்கு ஒன்பதுதான்!

இவ்வாறு, தன்னிலும் சிறிய எண்கள் யாவற்றையும் வகுத்திகளின் தொகையில் வென்று நிற்கும் எண்களைத் தனி இனமாகப் பிரித்து ஆராய்ந்தவர் சீனிவாச ராமாநுஜன். 1887-இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர், 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். மறு ஆண்டே லண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் இவ்வாராய்ச்சி பிரசுரமாயிற்று. 1916-இல் அவருக்கு பி.ஏ. பட்டம் வாங்கித் தந்ததும் இதுவே. அதில் இத்தகைய 102 எண்களை வரிசையாக அடுக்கியிருக்கிறார். கடைசி எண் 67,46,32,83,88,800.

அந்த வரிசையில் இருந்திருக்க வேண்டிய ஓர் எண் மட்டும் விடுபட்டிருக்கிறது. அதுவே நாம் முதலில் கண்ட எண்!

சோதித்துப் பார்ப்பது கடினமன்று. 2-ஐ ஆறு முறை, 3-ஐ நான்கு முறை, 5-ஐயும் 7-ஐயும் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு முறை எடுத்துப் பெருக்கினால் இவ்வெண் வரும். ஒரு வகுத்தியை அமைக்கையில், 2-ஐ ஒரு முறைகூட எடுக்காமல் விடுவது முதல் ஆறு முறை எடுப்பது வரை ஏழு வழிகள்; 3-க்கு ஐந்து; 5-க்கும் 7-க்கும் மும்மூன்று; மற்ற நான்கிற்கும் இவ்விரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் 5,040. இவ்வளவு வகுத்திகள் இதனிலும் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லை.

விந்தை இன்னும் ஒன்று உண்டு. விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் ராமாநுஜனின் பட்டியலில் உள்ள கடைசி எண்ணே கிடைக்கிறது. அதற்கு வகுத்திகள் 10,080.

ராமாநுஜனைப் பற்றிப் பேசும்போது நாமகிரித் தாயாரின் அருளையே நாம் பெரும்பாலும் நினைக்கிறோம். அந்தப் பக்தியைக் குறைகூறுவது நம் கருத்தன்று. ஆனால் கனவில் வந்த வரமென்று மட்டும் சொல்லிவிட்டால், கணினி இல்லாத நாளில் பதின்மூன்று இலக்கம் வரை எண்களைத் தேடிச் சென்ற மனிதனின் உழைப்பு மறைந்துபோகும். 102 எண்களுக்கிடையே நழுவிய அந்த ஒன்று, அவர் புகழுக்கு மாசன்று. அந்த உழைப்புக்குச் சாட்சி. மேதையின் ஏட்டையும் சரிபார்க்கும் உரிமையைக் கணிதம் பள்ளிச் சிறுவனுக்கும் அளித்திருக்கிறது. அவ்வுரிமையை நம் பிள்ளைகள் பயன்படுத்துவதைவிட அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை வேறென்ன?