பீடத்திற்கென நட்ட திராட்சைக் கொடி

கானாவூர்த் திருமணத்தில் நம் ஆண்டவர் செய்த முதற் புதுமை எதுவென்று கேட்டால், மறைக்கல்வி வகுப்பில் பயிலும் சிறு குழந்தையும் விடை கூறிவிடும். ஆயினும், திராட்சை இரசம் வடிக்கும் இடத்தைப் பார்த்து வந்தோம் என்று சொல்ல நம்மில் பலருக்கு நாக் கூசுகிறது. அதில் வியப்பில்லை. குடியினால் தாலியை அடகு வைத்த தாய்மாரையும், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளையும் நாம் ஒவ்வொரு பங்கிலும் கண்டிருக்கிறோம். எனவே, நியூசிலாந்து நாட்டில் வாழும் உறவினர் ஒருவர் அத்தகைய இடத்திற்கு எங்களை அழைத்தபோது சற்றே தயங்கினோம். "அது முன்பு குருமடமாக இருந்த வீடு, இன்றும் ஒரு துறவற சபைக்கே உரியது" என்று அவர் விளக்கிய பின்னரே புறப்பட்டோம்.

அந்நாட்டின் வடதீவில், கீழைக் கடற்கரையில் ஹாக்ஸ் பே என்னும் வளமான பகுதி உள்ளது. அதன் நேப்பியர் நகரை அடுத்த கிரீன்மெடோஸில், குன்றின் சரிவில், வெண்ணிற மர மாளிகை ஒன்று நிற்கிறது. அதுவே மிஷன் எஸ்டேட். நியூசிலாந்தின் மிகப் பழைய திராட்சை இரச நிலையம்.

இதன் வரலாறு நற்கருணையோடு தொடங்குகிறது. 1838ஆம் ஆண்டு ஆயர் பொம்பாலியே அவர்களின் தலைமையில் பிரெஞ்சு நாட்டு மாரிஸ்ட் சபையினர் அங்கு வந்திறங்கினர். 1841இல் புட்டுனா தீவில் மறைசாட்சியாக உயிர் நீத்த புனித பீட்டர் சானல் இச்சபையைச் சேர்ந்தவரே. 1851இல் ஹாக்ஸ் பே பகுதியில் பணித்தளம் அமைத்தபோது அவர்கள் திராட்சைக் கொடியையும் நட்டனர். காரணம் எளியது. திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியிலிருந்தே பெறப்பட்டதாகவும், இயற்கையானதாகவும், கெடாததாகவும் இருத்தல் வேண்டுமென்பது திருச்சபையின் சட்டம். ஐரோப்பாவிலிருந்து கப்பல் வந்து சேரப் பல மாதங்கள் ஆகும் நாட்டில், கொடி இல்லையேல் திருப்பலி ஏது? பீடத்திற்குப் போக எஞ்சியதை விற்றுப் பணித்தளத்தின் செலவுகளை ஈடு செய்தனர். அவ்விதம் விற்றதற்கு 1870ஆம் ஆண்டிலிருந்தே சான்று உண்டு.

1858இல் மீயனி என்னுமிடத்திற்குக் குடிபெயர்ந்த அவர்களை ஆற்று வெள்ளம் அடிக்கடி வருத்தியது. ஆகவே மேட்டு நிலமாகிய கிரீன்மெடோஸில் 1897இல் நிலம் வாங்கினர். 1880இல் கட்டப்பட்ட தங்கள் பெரிய வீட்டை விட்டுவிட மனமில்லை போலும்! 1910இல் அதைப் பதினொரு துண்டுகளாக அறுத்து, நீராவி இழுவை இயந்திரத்தால் இழுத்து வந்து குன்றின்மேல் மீண்டும் பொருத்தினர். நாங்கள் ஏறிய படிகள் அவ்வீட்டின் படிகளே.

சுவை பார்க்கும் கூடத்தில் நீண்ட மேசைக்கு அப்பால் நின்ற பணிப்பெண், ஒரு விரற்கடை அளவே கிண்ணத்தில் ஊற்றினார். முதலில் ஒளியில் நிறத்தைக் காண வேண்டும்; பிறகு கிண்ணத்தை மெல்லச் சுழற்றி மணத்தை முகர வேண்டும்; அதன் பின்னரே ஒரு வாய். வெள்ளை இரசத்திற்குப் பழத்தைப் பிழிந்து சாற்றை மட்டும் புளிக்க வைக்கிறார்கள் என்றும், சிவப்பு இரசத்திற்குத் தோலோடு புளிக்க வைப்பதால் அந்நிறம் ஏறுகிறது என்றும் அவர் விளக்கினார். மேசைமேல் ஒரு பாத்திரமும் இருந்தது. சுவைத்ததை விழுங்காமல் உமிழ்வதற்கே அது! எங்களுடன் வந்த பெரியம்மா கிண்ணத்தைத் தொடவேயில்லை. ஆப்பிள் சாறு பெற்றுக்கொண்டார். வண்டி ஓட்டிய தம்பியும் அவ்வாறே செய்தான். எவரும் அவர்களை வற்புறுத்தவில்லை.

நண்பகல் உணவும் அவ்வீட்டிலேயே. சுற்றுப்புற நிலங்களில் அப்பருவத்தில் விளைந்தவையே இங்குச் சிறப்பு. ஆட்டிறைச்சி, பூசணி, கீரை, ஆப்பிள், தேன் என வந்தவற்றை உண்டபோது, அவை விளைந்த மண் சன்னலுக்கு வெளியே தெரிந்தது. 2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயலினால் ஆறுகள் கரையுடைத்து, இப்பகுதியின் பழத்தோட்டங்களையும் திராட்சைத் தோட்டங்களையும் சேற்றில் ஆழ்த்தின. அதை உறவினர் சொல்லக் கேட்டபின், தட்டில் ஒரு துண்டையும் மிச்சம் வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. உணவுக்கு முன் சொல்லும் செபம் அன்று உதட்டோடு நிற்கவில்லை.

அவ்விடம் பெருந்துயரையும் கண்டிருக்கிறது. 1931 பிப்ரவரி 3ஆம் நாள் காலை இப்பகுதியைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. குருமடத்தின் கற்கோயில் இடிந்து விழ, இரு குருக்களும் ஏழு குருமாணவர்களும் உயிரிழந்தனர். அறுத்துப் பொருத்திய மர வீடு நிலைத்து நின்றது! ஒன்பது பேரை அடக்கம் செய்த பின்னரும் எஞ்சியோர் குருத்துவப் பயிற்சியையும் கொடி வளர்ப்பையும் கைவிடவில்லை. குருமடம் 1990இல் ஆக்லாந்து நகருக்குச் சென்றது. நிலமும் இரசத் தொழிலும் இன்றும் மாரிஸ்ட் சபையின் உடைமையே.

குருமாணவர் செபித்த வீட்டில் இன்று விருந்தினர் உண்பது இழப்பு அல்லவா? முதலில் எங்களுக்கும் அவ்வாறே தோன்றியது. ஆயினும், அந்தக் கொடி தொடக்கமுதல் இரண்டு பணிகளைச் செய்து வந்திருக்கிறது: பீடத்திற்கு இரசம் தந்தது, பணியாளருக்குச் சோறு தந்தது. நோக்கமும் அளவும் காவல் நின்றதால் அது எவர் வீட்டையும் அழிக்க நடப்பட்ட கொடியன்று. திராட்சை இரசத்தை மகிழ்ச்சிக்கெனப் படைக்கப்பட்டதாகப் புகழும் சீராக்கின் ஞான நூல், அளவு மீறினால் அது கசப்பும் சண்டையுமாகும் என்றும் எச்சரிக்கிறதன்றோ?

திரும்பும் வழியில் பெரியம்மா, "வாயில் வைத்ததைத் துப்பிவிடத் தெரிந்திருந்தால் நம் ஊரில் எத்தனை குடும்பங்கள் பிழைத்திருக்கும்!" என்றார். வண்டியில் இருந்த எவரும் மறுமொழி கூறவில்லை. குடிக்கு அடிமையாகிவிட்டவருக்கு ஒரு துளியும் அளவன்று; முற்றும் விட்டுவிடுவதே அவருக்கு அளவு. அவர் உடனிருக்க, வீட்டார் தாமும் கிண்ணத்தைத் தொடாதிருப்பது அன்பு.

அடுத்த ஞாயிறு திருப்பலியில் குரு கிண்ணத்தை உயர்த்தியபோது, தொலைவிலுள்ள அக்குன்றையும், கொடி நட்ட கைகளையும், கற்கோயிலில் மாண்ட ஒன்பது பேரையும் நினைந்து தலை வணங்கினோம். அன்பு வாசகர்களே, அக்கிண்ணத்திலுள்ளது மண்ணின் விளைவும் மனிதரின் உழைப்புமாகும். அதை ஆண்டவர் தம் திரு இரத்தமாக்கத் திருவுளமானார். அவ்வளவு உயர்ந்த ஒன்றை நம் இல்லங்களின் கண்ணீராக்காது காப்போமாக!