அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானா?

எங்க ஹாஸ்டல்ல ஒரு நண்பன். ஜவ்வாது மலைக்காரன். போளூர்ல இறங்கி ஜமுனாமரத்தூர் பஸ் பிடிச்சு, அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம் நடந்தா அவன் ஊர். அவனுக்குப் பத்து வயசு இருக்கும்போது அம்மாவும் அப்பாவும் பிரிஞ்சுட்டாங்க. கோர்ட்டுக்கு யாரும் போகல. ஊர்ப் பெரியவங்க உட்கார்ந்து பேசி, "பையன் அம்மாகிட்ட இருக்கட்டும், அப்பன் வந்து பார்த்துக்கட்டும்"னு முடிச்சுட்டாங்க. அப்பா கர்நாடகாவுக்கு எஸ்டேட் வேலைக்குப் போயிட்டார். செமஸ்டர் ஃபீஸ் நேரத்துல ஜீபேல பணம் வரும். "பணம் வந்துச்சாப்பா?"ன்னு கேட்பார், இவன் "வந்துச்சு"ம்பான். அதோட போன் கட்.

"அவருகிட்ட வேற என்ன பேசறதுன்னே தெரியலடா"ன்னு ஒருநாள் சொன்னான். அதுக்கப்புறம்தான் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். பெற்றோர் பிரிஞ்சா, குழந்தையோட வாழ்க்கையில அப்பாவுக்குச் சட்டம் என்ன இடம் கொடுக்குது?

படிச்சா முதல்ல குழப்பம்தான் வரும். 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆவது பிரிவு, குழந்தையின் இயற்கைக் காப்பாளர் தந்தை, "அவருக்குப் பிறகு" தாய் என்கிறது. அதாவது காகிதத்தில் அப்பாதான் முதல் ஆள். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க 1984இல் விண்ணப்பித்தபோது, அப்பா கையெழுத்து எங்கேன்னு கேட்டுத் திருப்பி அனுப்பினாங்க. அந்த வழக்கில்தான் 1999இல் உச்ச நீதிமன்றம், "பிறகு" என்றால் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருள் இல்லை, அவர் பொறுப்பில் இல்லாதபோதும் தாயே காப்பாளர் என்று விளக்கியது.

ஆனா காப்பாளர் வேற, கஸ்டடி வேற. குழந்தை தினமும் யார்கிட்ட வளருது என்பதுதான் கஸ்டடி. அதே 6ஆவது பிரிவு, 5 வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. 13ஆவது பிரிவு, எல்லாவற்றுக்கும் மேலே குழந்தையின் நலன் என்கிறது. நடைமுறையில் பல வழக்குகளில் குழந்தை அம்மாவிடம் போகும், அப்பாவுக்கு வாரத்தில் சில மணி நேரம் பார்க்கும் அனுமதி கிடைக்கும். இங்கேதான் அப்பாக்களோட கோபம் ஆரம்பிக்குது.

அந்தக் கோபத்தை ஒரு இயக்கமா மாத்தினவர்களில் ஒருவர் பெங்களூரைச் சேர்ந்த குமார் ஜாகிர்தார். மகளின் கஸ்டடிக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார். 2004இல் தீர்ப்பு வந்தது: குழந்தை தாயிடம், தந்தைக்குப் பார்க்கும் உரிமை. அதன் பிறகு "கிரிஸ்ப்" என்ற அமைப்பைத் தொடங்கி, பிரிந்த பெற்றோர் இருவரும் குழந்தையைச் சேர்ந்து வளர்க்கச் சட்டம் வேண்டும் என்று கேட்டு வருகிறார். கவனிங்க, அந்தப் பெயரின் விரிவில் முதலில் வருவது குழந்தைகளின் உரிமை. அப்பா உரிமை பேசுற எல்லாரும் அந்த வரிசையைக் காப்பாத்துறாங்கன்னு சொல்ல முடியாது. சிலர் பேச்சைக் கேட்டா, முன்னாள் மனைவி மேல இருக்கிற கணக்கைத் தீர்க்கத்தான் குழந்தை வேணுமோன்னு தோணும்.

கோரிக்கை நியாயமற்றது இல்லை. 2015 மே மாதம் சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில், கூட்டு கஸ்டடிக்குச் சட்டத்தில் இடம் தரலாம் என்று பரிந்துரைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. 2020இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், பெற்றோர் இருவரின் அன்பும் குழந்தையின் உரிமை, நேரில் பார்க்க முடியாதவர் வீடியோ காலிலாவது பேச வழி வேண்டும் என்றது.

ஆனா அதே சட்ட ஆணையம், எல்லா வழக்கிலும் கூட்டு கஸ்டடியைத்தான் முதலில் அனுமானிக்க வேண்டும் என்ற யோசனையை ஏற்கவில்லை. ஏன்னு புரிய ஆஸ்திரேலியாவைப் பாருங்க. பெற்றோர் இருவருக்கும் சம பொறுப்பு என்ற அனுமானத்தை 2006இல் சட்டத்தில் வச்சாங்க. சம பொறுப்புன்னா சம நேரம்னு பலர் தப்பா எடுத்துக்கிட்டாங்க. அடி உதை இருந்த குடும்பங்களிலும் அது குழந்தைகளை ஆபத்தில் தள்ளுதுன்னு விமர்சனம் வந்தது. 2023இல் அதை நீக்கிட்டாங்க.

நம்ம சென்னை உயர் நீதிமன்றத்திலேயே ஒரு சுவாரஸ்யமான கதை உண்டு. 2022இல் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு வழக்கில், குழந்தையைப் பார்க்க வரும் அப்பாவை விருந்தாளி மாதிரி நடத்தணும், சாப்பாடு கொடுத்துக் குழந்தையோட சேர்ந்து சாப்பிடணும் என்ற அளவுக்கு உத்தரவு போட்டார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு, ஒருவரை ஒருவர் எப்படி நடத்த வேண்டும் என்பது வழக்குக்குத் தொடர்பில்லாதது என்று அதை ஒதுக்கியது. சட்டப்படி அமர்வு சொன்னது சரிதான். ஆனாலும் அந்த முதல் உத்தரவு எனக்குப் பிடிச்சிருந்தது. ஒரு குழந்தை அந்தச் சாப்பாட்டு மேஜையைத்தானே கேட்கும்?

சரி, என் நண்பன் விஷயம். ஜவ்வாது மலையின் மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர் (கேரளா மலையாளி இல்ல, பெயர் மட்டும்தான் ஒண்ணு). 1956 சட்டத்தின் 3(2) பிரிவு, மத்திய அரசு தனியாக அறிவித்தால் தவிர இந்தச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது. நான் மேலே சொன்ன 6ஆவது பிரிவு, 5 வயசுக் கணக்கு எதுவும் அவன் வீட்டுக்கு நேரடியா இல்லை. ஊர் வழக்கம்தான். வேணும்னா 1890ஆம் ஆண்டின் காப்பாளர்கள் மற்றும் காப்பில் உள்ளோர் சட்டப்படி மாவட்ட நீதிமன்றம் போகலாம், அது எல்லாருக்கும் பொது. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் இவங்களுக்கு வருமானம் பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு. 15100க்குப் போன் பண்ணினா வழி சொல்வாங்க.

ஆனா மலையில அப்பாக்கள் தூரமாப் போறதுக்குப் பிரிவு மட்டும் காரணம் இல்லை. பிழைப்பு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டதில் இறந்த 20 தமிழகத் தொழிலாளர்களில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரங்க, ஜவ்வாது மலை ஆட்களும் அதில் உண்டு. அந்த வீடுகளில் கஸ்டடி கேட்டு வழக்குப் போட ஆளே இல்லை. கேரளா, கர்நாடகா, திருப்பூர்னு போற அப்பாவும் வருஷத்துக்குச் சில நாள்தான் பிள்ளையைப் பார்க்கிறார். ஷேர்டு பேரன்டிங் பத்திப் பேசுற நகரத்து மேடைகளில் இந்த அப்பாவை நான் பார்த்ததில்லை.

இதையெல்லாம் நண்பன்கிட்டச் சொன்னேன். "பதினெட்டு தாண்டிட்டேன்டா, இனிமே என்னை யாரு கஸ்டடி எடுக்கப் போறா?"ன்னு சிரிச்சான். உண்மைதான், 18 வயசோட அந்தக் கேள்வி முடிஞ்சுடுது. ரெண்டு நாள் கழிச்சு அவனே வந்தான். பொங்கல் லீவுல அப்பா வேலை செய்யுற எஸ்டேட்டுக்குப் போறானாம். அம்மாகிட்டச் சொல்லிட்டானாம், அவங்க ஒண்ணும் சொல்லலையாம், "ஸ்வெட்டர் எடுத்துக்கோ"ன்னு மட்டும் சொன்னாங்களாம். சிக்மகளூருக்கு வேலூர்லேர்ந்து நேர் பஸ் இருக்கா, பெங்களூர் போய் மாறணுமான்னு கேட்டான். எனக்குத் தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.