மெசலமைன்: ரத்தம் நின்ற பிறகும் நிறுத்தக் கூடாத மருந்து

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சூளைப் பக்கம் வேலை பார்க்கும் ஒருவருக்கு மலத்தில் ரத்தம் வந்தால், வீட்டில் முதலில் சொல்வது ‘உடம்புச் சூடு’. அடுத்து ‘மூலம்’. இளநீர், வெந்தயம், மூலத்துக்கான களிம்பு என்று மாதங்கள் ஓடிவிடும். ரத்தமும் சளியும் கலந்த வயிற்றுப்போக்கு சில வாரங்களைத் தாண்டியும் நிற்கவில்லை என்றால், அது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் அழற்சியாகவும் இருக்கலாம். கொலனோஸ்கோப்பி செய்து, சிறு திசுவை எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகும்.

இது வெளிநாட்டு நோய் அல்ல. பஞ்சாபில் வீடு வீடாக நடத்தி 2003-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, லட்சம் பேரில் சுமார் 44 பேருக்கு இந்நோய் இருப்பதைக் காட்டியது. லேசான, நடுத்தர பாதிப்புள்ளவர்களுக்கு முதலில் தரப்படும் மருந்து மெசலமைன். பெரும்பாலானோருக்குப் பாதுகாப்பானது. ஆனால் அந்தப் பாதுகாப்பு, அதைச் சாப்பிடும் முறையைப் பொறுத்தது.

எங்கே வேலை செய்கிறது?

சுவீடன் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டுவாதத்துக்காக உருவாக்கிய சல்ஃபாசலசின், பெருங்குடல் அழற்சியையும் தணித்தது. குடல் பாக்டீரியாக்கள் அதை இரண்டாக உடைக்கின்றன. அதில் ஒரு பாதிதான் நோயைத் தணிக்கிறது என்பதை 1977-இல் ஆசாத் கான், ட்ரூலவ் உள்ளிட்டோர் ஆக்ஸ்ஃபோர்டில் நிரூபித்தனர். அந்தப் பாதியே மெசலமைன். மறுபாதியான சல்ஃபாவால்தான் தலைவலி, குமட்டல், ஒவ்வாமை ஆகியவை அதிகம் வந்தன.

மெசலமைனை அப்படியே விழுங்கினால் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அதனால் பல மாத்திரைகளுக்குத் தனிப் பூச்சு உண்டு. மெருகு உடைந்த பீங்கான் கசியத் தொடங்குவதுபோல, பூச்சு உடைந்த மாத்திரையும் சேர வேண்டிய இடத்துக்கு முன்பே மருந்தை விட்டுவிடும். ஆகவே உடைக்கவோ, மெல்லவோ, பொடிக்கவோ கூடாது. வெறும் ஓடு மலத்தில் தென்பட்டால் பயம் வேண்டாம். முழு மாத்திரையே அடிக்கடி வெளியேறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நோய் மலக்குடலில் மட்டும் இருந்தால், ஆசனவாய் வழியே வைக்கும் சப்போசிட்டரியும் எனிமாவும் மாத்திரையைவிட நன்றாகக் கேட்கும். கூச்சத்தால் இவற்றைத் தவிர்ப்பவர்கள் நல்ல சிகிச்சையை இழக்கிறார்கள்.

நின்றுவிட்டதே, எதற்கு மாத்திரை?

பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. ரத்தம் நின்றாலும் நோய் அடங்கியிருக்கிறதே தவிர, போய்விடவில்லை. 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது. நோய் அடங்கியபின் நாளொன்றுக்குக் குறைந்தது 2 கிராம் என்ற அளவில் தொடர்வது வழக்கம். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பலருக்கு விலை குறைந்த சல்ஃபாசலசின் பொருந்தும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது கூடாது. எடுப்பவர்களுக்கு ஃபோலிக் அமிலமும் தேவை. ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை தற்காலிகமாகக் குறையும், நிறுத்தினால் மீளும்.

கர்ப்பம் தரித்தவுடன் பயந்து மெசலமைனை நிறுத்துவதும் தவறு. கருவுக்கு மருந்தைவிட, சீறியெழும் நோயே பெரிய ஆபத்து.

சிறுநீரகத்தின் மேல் ஒரு கண்

அரிதாக இம்மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். தொடக்கத்தில் எந்த அறிகுறியும் தெரியாது. ஆகவே தொடங்கும் முன் ஒருமுறை, இரண்டு மூன்று மாதத்தில் ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். அரிதாக மருந்தே சிறுநீரகக் கல்லாகப் படிவதும் உண்டு. சூளை வெப்பத்தில் வியர்த்துக் கொட்டுபவர்கள் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் போட்ட கழிப்பறையில் சிறுநீர் செம்பழுப்பாகத் தெரிந்தால், அது மருந்தும் பிளீச்சும் சேர்ந்ததன் நிறமாக இருக்கலாம். பிளீச் இல்லாத இடத்திலும் அப்படியே இருந்தால் சோதனை தேவை.

வலி மாத்திரை வேண்டாம்

களிமண் மூட்டை தூக்கி இடுப்பு வலித்தால் மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன் வாங்கிப் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. அவையும் அழற்சியைத் தணிப்பவைதான்; ஆனால் குடல் அழற்சியைக் கிளறிவிடக்கூடியவை. மெசலமைனுடன் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் சுமை கூடும். காய்ச்சலுக்கும் வலிக்கும் அளவோடு பாராசிட்டமால் போதும். கடைக்காரரிடம் குடல் நோயைச் சொல்லாமல் எந்த மாத்திரையும் வாங்காதீர்கள்.

எப்போது உடனே போக வேண்டும்?

மருந்து தொடங்கிய சில வாரங்களில் வயிற்றுப்போக்கும் ரத்தமும் கூடினால், அது மருந்து ஒத்துக்கொள்ளாததன் அடையாளமாகவும் இருக்கலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மேல்வயிற்றில் கடும் வலி, தோல் தடிப்பு, காரணமின்றிக் காய்ச்சலுடன் தொண்டை வலி, ரத்தக்கட்டு ஆகியவையும் எச்சரிக்கைகளே. ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தம் கலந்த வயிற்றுப்போக்குடன் காய்ச்சலோ படபடப்போ இருந்தால் அது அவசரநிலை; அப்போது மாத்திரையை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது, மருத்துவமனையில் சேர வேண்டும்.

பல ஆண்டுகள் நம்மோடு இருக்கப்போகும் நோய் இது. ஒரு கோப்பில் கொலனோஸ்கோப்பி அறிக்கை, மருந்துச் சீட்டு, கடைசிக் கிரியாட்டினின் முடிவு மூன்றையும் வையுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் அதை முதலில் நீட்டுங்கள். ரத்தம் வருவதை வீட்டிலும் வேலையிடத்திலும் வெட்கமின்றிச் சொல்லுங்கள். மறைத்த ஒவ்வொரு மாதமும் குடலுக்குத்தான் கேடு.