கையெழுத்து தில்லியில், காத்திருப்பு கருவூலத்தில்

2024 மார்ச் முதல் வாரம். கேரள அரசு ஊழியர்கள் பலருக்குச் சம்பளம் கணக்கில் ஏறியிருந்தது, எடுக்கத்தான் முடியவில்லை. கருவூலச் சேமிப்புக் கணக்கில் தொகை காட்டியது. வங்கிக்கு மாற்றப் போனால் மாறவில்லை. சில நாளில், ஒரு நாளைக்கு 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு பணம் வரத் தொடங்கியது. அதை அறிவித்தவர் அப்போதைய கேரள நிதியமைச்சர் கே.என். பாலகோபால். அவருடைய தொகுதி கொட்டாரக்கரை. எங்கள் மம்சாபுரத்திலிருந்து ராஜபாளையம் போய், தென்காசி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவில் இறங்கினால், அதே கொல்லம் சாலையில் வருகிற ஊர்தான் அது.

அந்த வாரம் எங்கள் ஊர் டீக்கடையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒருவர் கேட்டார்: “ஏன் சார், கவர்மெண்டுக்கே கடன் குடுக்க ஆள் இல்லாமப் போச்சா?”

கொடுக்க ஆள் இருந்தது. வாங்க அனுமதிதான் இல்லை. கருவூலத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அக்கறை உண்டு. கடன் வரம்பு என்றால் ஏதோ பொருளாதார மேதைகள் பேசுகிற சங்கதி என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். உண்மையில் அது சுத்தமான அரசியல். யார் எந்தத் தேதியில் கையெழுத்துப் போடுகிறார், எந்தத் தேதி வரை போடாமல் இருக்கிறார் என்பதே அதில் பாதி.

அனுமதி யாரிடம்?

மாநில அரசு கடன் வாங்கும் முறை எளிது. ரிசர்வ் வங்கி, மாநிலத்தின் கடன் பத்திரங்களைப் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் ஏலம் விடுகிறது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வருங்கால வைப்பு நிதிகளும் எடுக்கின்றன. நாம் வங்கியில் போடும் பணமும், எல்.ஐ.சி.க்குக் கட்டும் பிரீமியமும் அந்த வழியாக அரசுக்குப் போகிறது.

அந்த ஏலத்துக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. மாநிலங்கள் தங்கள் சட்டமன்றம் வகுக்கும் எல்லைக்குள் கடன் வாங்கலாம் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 293-வது பிரிவின் முதல் உட்பிரிவு. மூன்றாவது உட்பிரிவு அதற்கு ஒரு கடிவாளம் போடுகிறது. மத்திய அரசுக்கு மாநிலம் ஏற்கெனவே கடன் பாக்கி வைத்திருந்தால், புதுக் கடனுக்கு மத்திய அரசின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தை நிபந்தனையோடும் தரலாம் என்கிறது நான்காவது உட்பிரிவு. ஒரு பேங்கில் அடமானக் கடன் நிலுவையில் இருக்கும்போது அதே வீட்டின் மேல் இன்னொரு கடன் வாங்க, முதல் பேங்க்காரரிடம் என்.ஓ.சி. கேட்பது போலத்தான். பாக்கி இல்லாத மாநிலம் அபூர்வம் என்பதால் எல்லோரும் தில்லியைத்தான் பார்க்க வேண்டும்.

வழக்கமான கணக்கு, மாநிலத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் 3 சதவீதம். மின்துறையைச் சீர்திருத்தினால் கூடுதலாக அரை சதவீதம் என்று 15-வது நிதிக்குழு 2021-22 முதல் நான்கு ஆண்டுகளுக்கு வழி செய்தது. இதுவரை சண்டை இல்லை. எதையெல்லாம் கடன் என்று கணக்கில் சேர்ப்பது என்ற இடத்தில்தான் சண்டை தொடங்குகிறது.

கேரளம் எடுத்த வழி

கேரளத்தில் ‘கிஃப்பி’ என்றொரு நிறுவனம் இருக்கிறது. பாலம், சாலை, பள்ளிக்கூடக் கட்டடம் ஆகியவற்றுக்கு அரசு உத்தரவாதத்தில் வெளியே கடன் திரட்டுவது அதன் வேலை. 2019-இல் லண்டன் சந்தையில், ரூபாய் மதிப்பிலான ‘மசாலா பத்திரம்’ விற்று 2,150 கோடி ரூபாய் திரட்டியது. மாநிலம் தரும் முதியோர் உள்ளிட்ட நலஓய்வூதியங்களுக்காகக் கடன் வாங்கவும் தனியாக ஒரு நிறுவனம் உண்டு. இவை வாங்கும் கடனும் மாநில அரசின் கடன்தான் என்று சொல்லி, மத்திய அரசு வரம்பில் கழித்துக்கொண்டது.

தில்லியின் வாதத்தை வெறும் வம்பு என்று ஒதுக்க முடியாது. எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதினாலும், கடைசியில் பட்ஜெட்டிலிருந்துதான் அடைக்க வேண்டுமென்றால் அது அரசின் கடன்தான். தணிக்கைத் துறைத் தலைவரும் அதையே சொல்லியிருந்தார். கேரளத்தின் பதிலிலும் நியாயம் இருந்தது: தேசிய நெடுஞ்சாலை ஆணையம் வாங்கிய கடனை மத்திய அரசு தன் பற்றாக்குறைக் கணக்கில் காட்டுகிறதா? தனக்கொரு அளவுகோல், மாநிலத்துக்கொரு அளவுகோலா?

2023 டிசம்பரில் கேரளம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மாநிலமும் மத்திய அரசும் மோதும்போது நேரடியாக அங்கே போக 131-வது பிரிவு வழி செய்கிறது. உடனடித் தேவைக்காக 26,226 கோடி ரூபாய் கடன் வாங்க அனுமதி கேட்டது. 2024 பிப்ரவரி 8 அன்று முதல்வர் பினராயி விஜயன் அமைச்சர்களோடு தில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார். வழக்கு ஒரு பக்கம், போராட்டம் ஒரு பக்கம், மக்களவைத் தேர்தல் எதிரே. பணம் இல்லாததற்குத் தில்லிதான் காரணம் என்று மக்கள் நினைக்க வேண்டும் என்பது கேரளத்தின் கணக்கு.

தில்லியின் கணக்கு வேறு. வழக்கை வாபஸ் வாங்கினால் 13,608 கோடிக்குச் சம்மதம் என்றது. வழக்குப் போடுவது மாநிலத்தின் உரிமை, அதைக் கைவிடச் சொல்லி நிபந்தனை போடலாமா என்று நீதிபதிகள் கேட்ட பிறகு அந்தத் தொகை கிடைத்தது. மேற்கொண்டு ஒரு தடவை உதவி செய்யுங்களேன் என்று நீதிமன்றம் சொன்னபோது, 5,000 கோடி தருகிறோம், அடுத்த ஆண்டு வரம்பில் கழித்துக்கொள்வோம் என்றது மத்திய அரசு. 10,000 கோடியாவது வேண்டும் என்று கேரளத்துக்காக வாதாடிய கபில் சிபல் அதை ஏற்கவில்லை. இழுபறி தொடர்ந்தது.

மார்ச் 31

கருவூலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மார்ச் 31 என்றால் என்னவென்று தெரியும். மேஜை தெரியாத அளவுக்குப் பில்கள். டோக்கன் போட்டு, ஒதுக்கீடு இருக்கிறதா, கணக்குத் தலைப்பு சரியா, சம்பளம் பெற்று வழங்கும் அலுவலரின் கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சின்னக் குறை இருந்தாலும் ஆட்சேபணை எழுதித் திருப்ப வேண்டும். ஏப்ரல் 1 பிறந்துவிட்டால் செலவாகாத ஒதுக்கீடு காலாவதி. எத்தனை நியாயமான பில்லாக இருந்தாலும், அந்த ஆண்டுப் பணத்தில் அதற்கு இடமில்லை.

கையில் பணம் குறையும்போது நடப்பதையும் சொல்கிறேன். சம்பளம், ஓய்வூதியம், வட்டி முதலில். ஒப்பந்ததாரர் பில், மானியம், உள்ளாட்சிப் பணம் எல்லாம் பின்னால். எழுத்தில் உத்தரவு வராமலேயே பில்கள் மெதுவாக நகர ஆரம்பிக்கும். ரிசர்வ் வங்கியிடம் கைமாற்றாக வழிவகை முன்பணம் வாங்கலாம். அதுவும் தீர்ந்தால் ஓவர்டிராஃப்ட். ஆனால் தொடர்ந்து 14 வேலை நாட்களுக்கு மேல் அதில் இருந்தால் ரிசர்வ் வங்கி பட்டுவாடாவை நிறுத்திவிடும். ஆக, கடன் வரம்பை இறுக்கினால் அரசின் செலவு உடனே குறைந்துவிடாது. யாருடைய பில் காத்திருக்க வேண்டும் என்பதுதான் மாறும். காத்திருப்பவர்கள் பெரும்பாலும் சத்தம் போடத் தெரியாதவர்கள். கேரளத்தில் அப்போது 1,600 ரூபாய் ஓய்வூதியம் வாங்கிய முதியவர்களுக்கு அது மாதக்கணக்கில் நின்றுபோனது.

இனி வழக்கின் தேதிகளைப் பாருங்கள். மார்ச் 22-இல் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. அந்த ஆண்டு மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமை. அரசுப் பணப் பரிவர்த்தனைக்காக அன்றும் வங்கிகளைத் திறந்து வைக்கச் சொன்னது ரிசர்வ் வங்கி. ஏப்ரல் 1 அன்று நீதிபதிகள் சூர்ய காந்த், கே.வி. விஸ்வநாதன் அமர்வு உத்தரவு சொன்னது: இடைக்கால நிவாரணம் இல்லை, 293-வது பிரிவு பற்றிய கேள்விகளை ஐந்து நீதிபதிகள் அமர்வு விசாரிக்கட்டும். இப்போது அனுமதி கொடுத்துப் பின்னால் வழக்கு தோற்றால் அதன் பாதிப்பைச் சரிக்கட்டுவது கடினம். இப்போது மறுத்துப் பின்னால் கேரளம் ஜெயித்தால் பாக்கியை அப்போது கொடுத்துக்கொள்ளலாம். இதுதான் நீதிமன்றத்தின் தராசு. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். கருவூல மேஜையிலிருந்து பார்த்தால், உத்தரவு வந்த நாளில் சண்டைக்குக் காரணமான நிதியாண்டே முடிந்திருந்தது.

தேர்தலிலும் கேரளத்தின் கணக்கு பலிக்கவில்லை. 20 தொகுதிகளில் அப்போது ஆண்ட இடது முன்னணிக்கு ஒன்றுதான் கிடைத்தது. காரணங்கள் பல. ஓய்வூதிய நிலுவையும் அவற்றில் ஒன்று என்று மார்க்சிஸ்ட் கட்சியே பிறகு ஒப்புக்கொண்டது. அனுமதி தராதவர் தில்லியில் இருந்தாலும், ஓய்வூதியம் வராத வீட்டின் கோபம் உள்ளூர் ஆட்சி மேல்தான் விழுந்தது.

தமிழ்நாடு எடுத்த வழி

நாம் நீதிமன்றம் போகவில்லை. அதற்காக நமக்கு நெருக்கடி இல்லை என்று அர்த்தமில்லை. 2020 மே மாதம், கொரோனா நேரத்தில், 3 சதவீத வரம்பை 5 ஆக உயர்த்துவதாக அன்றைய மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். கூடுதலான 2-இல் அரை சதவீதம்தான் நிபந்தனை இல்லாதது. மீதிக்கு ரேஷன், தொழில் அனுமதி, மின்விநியோகம், உள்ளாட்சி வருவாய் என்று நான்கு சீர்திருத்தங்களைச் செய்ய வேண்டும். மின்துறை நிபந்தனையில் விவசாயிகளின் மானியத்தை நேரடியாகப் பணமாகத் தருவதும் இருந்தது. நிபந்தனைகளை அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி எதிர்த்தார். மம்சாபுரத்தில் கிணற்றுப் பாசனம் வைத்திருப்பவர்களிடம், “மோட்டாருக்கு மீட்டர் மாட்டப் போறாங்களாமே” என்ற பேச்சு அப்போதுதான் பரவியது.

ஆனால் மற்றதில் தமிழ்நாடு சாமர்த்தியமாக நடந்துகொண்டது. 2020 அக்டோபர் 1-இல், விரல் ரேகை பார்த்துப் பொருள் தரும் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ இங்கே தொடங்கியது. அந்தச் சீர்திருத்தத்துக்குக் கிடைத்த கூடுதல் கடன் அனுமதி 4,813 கோடி ரூபாய். ரேஷன் கடையில் ரேகை விழாமல் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்த பாட்டிகளுக்கு, மாநிலத்தின் கடன் வரம்போடு அந்த விரலுக்கு இருந்த சம்பந்தம் தெரிந்திருக்க நியாயமில்லை.

அடுத்த பிடி மின்வாரியம். அதன் நஷ்டத்தை மாநில அரசு ஏற்காவிட்டால் கடன் வரம்பு குறையும் என்பது நிபந்தனை. 2023-24-இல் அதற்காக 17,117 கோடி ரூபாய் ஒதுக்க வேண்டியிருந்தது. அதை பட்ஜெட் உரையில் எடுத்துச் சொன்ன அன்றைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு எங்கள் மாவட்டத்து திருச்சுழிக்காரர். பல வருஷம் கூட்டி வைத்த நஷ்டம் அது. அதை அடைக்கச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பணத்தில் எத்தனை சாலை, எத்தனை பள்ளிக்கூடம் போயிற்று என்று கேட்பதிலும் தப்பில்லை.

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் மூன்றாவது உதாரணம். 63,246 கோடி ரூபாய்த் திட்டம். 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டியும், மத்திய அமைச்சரவை ஒப்புதல் வராததால் மாநிலத் திட்டமாகவே ஓடியது. கடன் முழுவதும் மாநிலத்தின் வரம்பைத் தின்றது. 2024 செப்டம்பர் 27 அன்று முதல்வர் ஸ்டாலின் பிரதமரைச் சந்தித்தார். அக்டோபர் 3-இல் ஒப்புதல் வந்தது. 33,593 கோடி ரூபாய்க் கடன் மத்திய அரசின் பொறுப்புக்குப் போனது. கேரளம் நீதிமன்றத்தில் பெற முடியாத அளவு இடம் தமிழ்நாட்டுக்கு ஒரு கையெழுத்தில் கிடைத்தது. அந்தக் கையெழுத்துக்குக் கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் ஆயின.

அமெரிக்கக் கூத்து

உலகத்துக்கே பெரிய கடன் வரம்புச் சண்டை வாஷிங்டனில் நடப்பது. அங்கே 1917 முதல் சட்டத்தில் ஓர் எல்லை உண்டு. செலவுக்கு ஒப்புதல் தரும் அதே காங்கிரஸ், அந்தச் செலவுக்குக் கடன் வாங்கத் தனியாக இன்னொரு தடவை ஒப்புதல் தர வேண்டும். எதிர்க்கட்சி கையில் ஒரு சபை இருந்தால் அதுவே பிடிமானம். 2011-இல் கடைசி நாளில்தான் சட்டம் நிறைவேறியது. அப்படியும் மூன்று நாளில் அமெரிக்காவின் கடன் தரத்தை ஒரு படி இறக்கிவிட்டது எஸ் அண்ட் பி நிறுவனம். 2023-இல் கஜானா காலியாகும் தேதி ஜூன் 5 என்று நிதியமைச்சர் ஜேனட் யெல்லன் சொன்னார். ஜூன் 3 அன்று பைடன் கையெழுத்திட்டார். விட்டுக்கொடுத்த சபாநாயகர் கெவின் மெக்கார்த்தியின் பதவியை அக்டோபரில் அவருடைய கட்சியின் அதிருப்தியாளர்களே பறித்தார்கள்.

அங்கே இரு தரப்புக்கும் ஒரே கெடு. கெடு தப்பினால் இரு தரப்புக்கும் அடி. அதனால்தான் கடைசி நேரத்திலாவது கைகுலுக்குகிறார்கள். இங்கே மார்ச் 31-இன் அடி மாநிலத்துக்கு மட்டும். சம்மதத்தைத் தள்ளிப்போடுவதால் தில்லியில் யாருடைய சம்பளமும் நிற்காது. இந்த ஏற்றத்தாழ்வு இருக்கும் வரை, யார் பக்கம் நியாயம் என்பதை விட யார் கையில் காலண்டர் என்பதுதான் ஜெயிக்கும்.

மாநிலங்கள் இஷ்டத்துக்குக் கடன் வாங்கட்டும் என்பது என் கட்சி அல்ல. 2021 ஆகஸ்டில் அன்றைய தமிழக நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, தமிழ்நாட்டில் குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்று கணக்குச் சொன்னது. வரம்பு வேண்டும். ஆனால் அந்த வரம்பை மாநில பட்ஜெட்டுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். ஆண்டு நடுவில் மாற்றக் கூடாது. எது கடன், எது கடனில்லை என்பதை நிதிக்குழு மாதிரி பொதுவான அமைப்பு, மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் ஒரே அளவுகோலில் சொல்ல வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பட்ஜெட் வரும்போது, புது அறிவிப்புகளைப் படிப்பதற்கு முன் உரையின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். நிதிப் பற்றாக்குறை எத்தனை சதவீதம், நிலுவைக் கடன் எவ்வளவு, அந்த ஆண்டு வாங்கப்போகும் கடன் எவ்வளவு என்ற மூன்று எண்கள் அங்கே இருக்கும். முன்பக்கத்து அறிவிப்புகளில் எவை நடக்கும் என்பதை அந்த மூன்றும் முன்கூட்டியே சொல்லிவிடும். ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அவரிடம் அந்த எண்களைப் பற்றிக் கேளுங்கள்.