சமவெளியில் பலித்தது மலையில் பலிக்குமா?

சிலாங்கூர் ஆறு கோல குபு பாருவுக்கு மேலுள்ள மலைகளில் பிறக்கிறது. பெஸ்தாரி ஜெயா வழியாக வளைந்து வந்து கோல சிலாங்கூரில் கடலோடு கலக்கிறது. மேலே பள்ளத்தாக்குகளும் தெளிந்த ஓடைகளும் உள்ளன. கீழே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையான களிமண் நிலம். அணையும் மதகும் இல்லாவிட்டால், கடல் பெருக்கெடுக்கும் நேரத்தில் அதன் பல பகுதிகளில் உப்புநீர் ஏறிவிடும். நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த இரண்டு வகை நிலங்களிலும் தோட்டங்கள் திறக்கப்பட்டன. இரண்டிலும் தமிழ்த் தொழிலாளர்கள் ஒரே காய்ச்சலால் இறந்தனர். ஆனால், ஓரிடத்தில் அக்காய்ச்சலை ஒழித்த முறை மற்றோர் இடத்தில் அதை வளர்த்துவிட்டது. ஏன் அப்படி நடந்தது என்று மருத்துவர்கள் கண்டறியப் பத்தாண்டுகள் பிடித்தன.

இழப்பு எவ்வளவு பெரியது என்பதை ஓர் ஆண்டின் கணக்கே காட்டும். 1911ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 143,614 தொழிலாளர்கள் இருந்தனர். அவர்களுள் 9,040 பேர் அந்த ஓராண்டில் மாண்டனர். அதாவது, ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 63 பேர். வயிற்றுக்கடுப்பு முதலான நோய்களும் இதில் அடங்கும் என்றாலும், மலேரியாவின் பங்கு மிகப் பெரிது. தொழிலாளர்கள் அதைக் குளிர்காய்ச்சல் என்றனர். உடல் நடுங்கும், பிறகு அனலாகக் கொதிக்கும், வியர்த்து அடங்கும், ஓரிரு நாள் கழித்து மீண்டும் வரும். காலைப் பெரட்டில் வரிசையாக நிற்க வைத்துக் கொயினா மருந்து கொடுத்தார்கள். அதன் கசப்பை நினைத்தே முகம் சுளித்தவர்கள் பலர்.

சதுப்பு நிலத்திலிருந்து கிளம்பும் கெட்ட காற்றுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று அதற்குமுன் நெடுங்காலம் நம்பப்பட்டது. 1897இல் இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்னும் மருத்துவர், அனோபிலிஸ் வகைக் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டார். கொசுதான் காரணம் என்றால், கொசு பிறக்கும் நீரை அகற்றினால் காய்ச்சல் குறைய வேண்டும். இதைச் சொல்வது எளிது. மெய்ப்பிக்க ஓர் ஊர் வேண்டுமே!

அந்த ஊர் கிள்ளான். 1901 ஜனவரியில் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து இளைஞர் அங்கு மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். அவருக்கு அப்போது வயது 27. நகரைச் சுற்றிச் சதுப்பும் காடும் சூழ்ந்திருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே ஊழியர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் படுத்த படுக்கையாயினர். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. வாட்சனும் சிலாங்கூரின் தலைமை மருத்துவர் டிராவர்சும் வேறு வழியைப் பரிந்துரைத்தனர். இரண்டு ஊர்களிலும் சதுப்புக் காடு வெட்டப்பட்டது, வாய்க்கால்கள் தோண்டப்பட்டன, கடல்நீர் ஏறாமல் அணை கட்டப்பட்டது.

1901இல் கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். 1902இல் அந்த எண்ணிக்கை 59ஆகக் குறைந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில் 46, 48, 45 என்று அங்கேயே நின்றுவிட்டது.

இது வெற்றி என்று கைதட்டுவதற்குமுன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். காய்ச்சல் தானாகவே குறைந்திருந்தால்? மழை குறைந்த ஆண்டில் கொசுவும் குறைந்திருக்கலாம் அல்லவா? வாட்சனிடம் இதற்கு விடை இருந்தது. வாய்க்கால் வெட்டப்படாத மற்றப் பகுதிகளின் கணக்கையும் அவர் எடுத்து வைத்திருந்தார். கிள்ளான் மாவட்டத்தின் அப்பகுதிகளில் 1901இல் 266 பேரும், 1902இல் 227 பேரும், 1903இல் 230 பேரும் காய்ச்சலால் இறந்தனர். மழையும் வெயிலும் இரண்டு பகுதிகளுக்கும் பொதுவானவை. வாய்க்கால் மட்டுமே வேறுபாடு. 1905இல் மற்றப் பகுதிகளின் எண்ணிக்கை 351ஆக உயர்ந்தது. இந்த உயர்வை அப்படியே எடுத்துக்கொள்வது சரியன்று. புதிய ரப்பர்த் தோட்டங்கள் திறக்கப்பட்டு ஆட்கள் வந்து குவிந்த காலம் அது. ஆள் கூடினால் சாவும் கூடும். ஆயினும், நகரின் எண்ணிக்கை ஆறில் ஒரு பங்காகக் குறைந்ததற்கு அப்படியொரு காரணத்தைச் சொல்ல முடியாது. ஒப்பிடுவதற்கு இன்னொரு பகுதி இல்லாமல் போயிருந்தால் 368உம் 59உம் வெறும் எண்களாகவே இருந்திருக்கும்.

எல்லா வல்லுநர்களும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. அன்றைய இந்தியாவில் லாகூருக்கு அருகிலிருந்த மியான் மீர் படைமுகாமில் 1901 முதல் இதே முயற்சி நடந்தது. அங்குப் பல ஆண்டுகள் உழைத்தும் காய்ச்சல் அடங்கவில்லை. கொசுவை ஒழிப்பது நடவாத காரியம் என்று ஒரு சாரார் வாதிட்டனர். முகாமைச் சுற்றியுள்ள பகுதியிலிருந்து கொசு பறந்து வராதா, இவ்வளவு சிறிய இடத்தில் குறைந்த பணத்தைக் கொண்டு என்ன காட்ட முடியும் என்று ராஸ் கடுமையாக மறுத்தார். 1909இல் சிம்லாவில் மலேரியா மாநாடு கூடியபோதும் இந்தக் கருத்து வேறுபாடு தீரவில்லை. இரு தரப்பாரும் மருத்துவர்களே. இரு தரப்பாரிடமும் கணக்கு இருந்தது. ஒருவர் பொய் சொன்னதால் எழுந்த சண்டையன்று இது. ஓரிடத்தின் சான்று எவ்வளவு தூரம் செல்லும் என்பதே வழக்கு.

அவ்வழக்கின் அடுத்த சாட்சி சிலாங்கூரின் மேட்டு நிலங்களிலிருந்து வந்தது. ரப்பர் விலை உயர உயர, கடலோரச் சமவெளியை விட்டுக் குன்றுகளின் மேலும் தோட்டங்கள் ஏறின. கிள்ளானில் பலித்த முறையையே அங்கும் கையாண்டனர். பள்ளத்தாக்கின் காட்டை வெட்டினர். வாய்க்கால் வெட்டி நீரை ஓடவிட்டனர். காய்ச்சல் குறையவில்லை. சில இடங்களில் முன்னைவிடக் கூடியது! தொழிலாளர்கள் அழுக்காக இருக்கிறார்கள், கொயினாவைத் துப்பிவிடுகிறார்கள் என்று பழியை அவர்கள்மீது போடுவது எளிதாக இருந்தது.

அரசுப் பணியை விட்டுத் தோட்ட மருத்துவராகியிருந்த வாட்சன், லயங்களுக்கே சென்று குழந்தைகளைச் சோதித்தார். அடிக்கடி மலேரியா கண்டவர்களுக்கு மண்ணீரல் வீங்கும். இடப்பக்க விலா எலும்புக்குக் கீழே கைவைத்தால் அவ்வீக்கம் தட்டுப்படும். இதற்கு ஊசி வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம். நூறு குழந்தைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் என்று எண்ணினால், அந்த லயத்தில் காய்ச்சல் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். சமவெளித் தோட்டங்களில் ஒரு தெளிவான ஒழுங்கு காணப்பட்டது. காட்டோரத்து லயத்தில் பெரும்பாலான குழந்தைகளுக்கு மண்ணீரல் வீங்கியிருந்தது. அரை மைல் தள்ளியிருந்த லயத்திலோ வீக்கம் மிகக் குறைவு. உணவு ஒன்று, வேலை ஒன்று, மருந்தும் ஒன்று. தொலைவு மட்டுமே வேறு. மேட்டு நிலத்தில் இந்த ஒழுங்கு குலைந்தது. காடே இல்லாத, நன்றாக வெட்டித் திருத்திய பள்ளத்தாக்கின் ஓரத்திலும் குழந்தைகள் வீங்கிய வயிற்றோடு இருந்தனர்.

நீரிலிருந்து கொசுப்புழுக்களை அள்ளிப் பார்த்தபோது மர்மம் விளங்கியது. இரண்டு இடங்களிலும் நோயைப் பரப்பியது அனோபிலிஸ்தான். ஆனால், வெவ்வேறு இனங்கள். சமவெளியில் இருந்தது அனோபிலிஸ் அம்புரோசஸ். மர நிழலில் தேங்கிக் கிடக்கும் சதுப்பு நீரே அதற்கு வீடு. காட்டை வெட்டி வெயில் பட்டால் அது அற்றுப்போகும். மேட்டில் இருந்தது அனோபிலிஸ் மாகுலேட்டஸ். அதற்கு வெயில் வேண்டும். கசிந்து ஓடும் தெளிந்த நீர் வேண்டும். அடர்ந்த காட்டின் நிழல்தான் இதுவரை அதை ஓடையிலிருந்து விலக்கி வைத்திருந்தது. காட்டை வெட்டி, சுத்தமான வாய்க்காலில் நீரை ஓடவிட்டவர்கள் தம் கையாலேயே அதற்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டனர்.

ஆகவே, மேட்டுத் தோட்டங்களில் முறை மாறியது. சுட்ட மண் குழாய்களைப் பள்ளத்தாக்கின் அடியில் புதைத்து, ஊற்றுநீர் வெயில் காணாமலே வெளியேறும்படி செய்தனர். அது இயலாத இடங்களில் ஓடைகளின்மேல் வாரந்தோறும் எண்ணெய் தெளித்தனர். முதுகில் தகரத்தைச் சுமந்து, பள்ளத்தாக்குகளில் ஏறி இறங்கி எண்ணெய் அடித்தவர்களும் தொழிலாளர்களே. எந்தக் கொசு என்று அறிந்து அதற்கேற்ற வழியைத் தேடும் இந்த அணுகுமுறையை, டச்சுக்காரர்களின் ஆட்சியிலிருந்த இந்தோனேசியாவிலும் அறிஞர்கள் வளர்த்தெடுத்தனர்.

ஓரிடத்தில் மெய்யானது இன்னோர் இடத்தில் மெய்யாகுமா என்ற கேள்வி, கோவிட்-19 பெருந்தொற்றின்போது மீண்டும் எழுந்தது. இம்முறை ஐயத்துக்குரிய இரண்டு இடங்கள் ஆய்வுக்கூடத்தின் கண்ணாடித் தட்டும் மனித உடலும். ஐவர்மெக்டின் என்பது புழு, சொறி சிரங்கு போன்றவற்றுக்கான மருந்து. 2020 ஏப்ரலில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், தட்டில் வளர்த்த உயிரணுக்களில் இம்மருந்தை இட்டபோது கோவிட் கிருமி 48 மணி நேரத்துக்குள் பெருமளவு குறைந்ததைக் கண்டனர். செய்தி உலகெங்கும் பரவியது. மலேசியாவிலும் கைப்பேசிக்குக் கைப்பேசி அது தாவியது. தட்டில் இட்ட அளவு, வழக்கமான மாத்திரையால் மனித இரத்தத்தில் சேரும் அளவைவிட மிக அதிகம் என்ற செய்தி மட்டும் அவ்வளவு வேகமாகப் பரவவில்லை.

மலேசிய மருத்துவர்கள் அதைச் சோதித்துப் பார்த்தனர். 2021 மே மாத இறுதி முதல் அக்டோபர் வரை, அரசு மருத்துவமனைகளில் 490 நோயாளிகள் ஆய்வில் சேர்ந்தனர். அனைவரும் 50 வயதைக் கடந்தவர்கள். வேறு நோயும் உடையவர்கள். யாருக்கு ஐவர்மெக்டின், யாருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. மருத்துவர் தம் விருப்பம்போல் ஆள் பிரித்தால், நலமானவர்களெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துவிடக்கூடும் அல்லவா? மருந்து பெற்ற 241 பேரில் 52 பேருக்கு நோய் கடுமையானது. பெறாத 249 பேரில் 43 பேருக்குக் கடுமையானது. நோய் முற்றுவதை மருந்து தடுக்கவில்லை. மருந்து பெற்றவர்களிடையே வயிற்றுப்போக்கு கூடுதலாகக் காணப்பட்டது.

2022 பிப்ரவரியில் முடிவு வெளிவந்ததும் விவாதம் ஓயவில்லை; அதற்கு ஒரு காரணமும் இருந்தது. மருந்து பெற்றவர்களில் இறந்தவர்கள் 3 பேர். பெறாதவர்களில் 10 பேர். இதைப் பாருங்கள் என்றனர் மருந்தை ஆதரித்தவர்கள். பார்க்க வேண்டிய எண்தான் அது. ஒரு காசை 13 முறை சுண்டினால், 10க்கு 3 என்றோ அதைவிட ஏற்றத்தாழ்வாகவோ விழுவது நூற்றில் ஏறத்தாழ 9 முறை நடக்கும். காசில் ஒரு குறையும் இருக்காது. நூற்றில் 5 முறைக்கும் குறைவாகத் தற்செயலாய் நிகழக்கூடியதையே ஆய்வாளர்கள் பொதுவாகச் சான்றாகக் கொள்கின்றனர். எனவே, இந்த 3உம் 10உம் முடிவு சொல்லப் போதவில்லை. இன்னும் பெரிய குழுவில் பார்க்க வேண்டியிருந்தது. அடுத்த மாதமே பிரேசில் ஆய்வொன்றின் முடிவு வந்தது. அதில் 1,358 பேர் பங்கேற்றனர். ஐவர்மெக்டின் பெற்ற 679 பேரில் 21 பேர் இறந்திருந்தனர். மருந்தற்ற போலி மாத்திரை பெற்ற 679 பேரில் 24 பேர்.