கையில 35 டாலர், ஆனா ஏலம் கேட்க முடிஞ்சது 18 தான்! பேஸ்பால் ஏலத்துல ஒரு பட்ஜெட் பாடம்

சம்பளம் வந்த ரெண்டாவது நாள், அக்கவுண்ட்ல பணம் இருக்கு. புது பைக்குக்கு இ.எம்.ஐ. போடலாமா? முடிவெடுக்குறதுக்கு முன்னாடி ஒரு விளையாட்டைப் பார்த்துட்டு வருவோம்.

1980-ல அமெரிக்காவுல டேனியல் ஓக்ரென்ட்டும் அவரோட நண்பர்களும் ஆரம்பிச்சது ரோட்டிசெரி பேஸ்பால். நியூயார்க்ல அவங்க கூடின ஒரு ரெஸ்டாரன்ட் பேரையே விளையாட்டுக்கும் வெச்சுட்டாங்க. நிஜ வீரர்களை ஏலத்துல எடுத்து உங்க டீமை அமைக்கணும். சீசன்ல அவங்க நிஜமா எப்படி ஆடுறாங்களோ, அதுதான் உங்க ஸ்கோர். நம்ம கிரிக்கெட் ஃபேன்டஸிக்கு அண்ணன் மாதிரி.

இன்னைக்கு வழக்கமான விதி: ஒரு டீமுக்கு 260 டாலர், 23 வீரர்கள். குறைஞ்சபட்ச ஏலம் 1 டாலர். ஒரு இடம்கூட காலியா இருக்கக் கூடாது.

விலை எப்படி முடிவாகுது?

ஒருத்தர் 30 ஹோம் ரன் அடிப்பார்னு வெச்சுக்குவோம். ஏலத்துல யாரும் எடுக்காம மிஞ்சுற வீரரே 20 அடிப்பார்னா, நீங்க காசு கொடுக்குறது அந்தக் கூடுதல் 10-க்கு மட்டும்தான். ஆனா கேட்சர் இடத்துல மிஞ்சுறவர் 8 தான் அடிப்பார்னா, 20 அடிக்கிற கேட்சருக்கு வித்தியாசம் 12. அதனால 30 அடிக்கிறவரை விட இவர் விலை அதிகமா போகலாம்.

60,000 ரூபாய் போனைப் பார்க்கும்போதும் இதையே கேளுங்க: 18,000 ரூபாய் போன் செய்யாத எந்த வேலைக்கு அந்த மீதி 42,000?

எங்க மாட்டிக்கிறாங்க?

அஞ்சு ஸ்டார்களை ஆளுக்கு 45 டாலர்னு எடுத்தா 225 காலி. கையில 35 இருக்கு, ஆனா இன்னும 18 இடம் பாக்கி. அடுத்த வீரருக்கு அதிகபட்சம் எவ்வளவு கேட்கலாம்? மத்த 17 இடத்துக்கும் தலா 1 டாலர் ஒதுக்கணுமே. அப்போ 18 தான். 19-ன்னு யாராவது சொன்னா, நீங்க வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இப்போ உங்க சம்பளம் 40,000-ன்னு வைங்க. வாடகை 9,000, வீட்டுக்கு 8,000, சாப்பாடு, போக்குவரத்து 9,000, இன்ஷூரன்ஸும் அவசர நிதியும் 6,000. ஆக 32,000 ஏற்கெனவே ‘புக்’ ஆயிடுச்சு. உங்க அதிகபட்ச ஏலம் 8,000. லோன் ஆப் 16,000 வரைக்கும் இ.எம்.ஐ. கட்டலாம்னு காட்டினாலும், அதுக்கு உங்க மத்த இடங்கள் தெரியாது.

ஒரே ஒரு வித்தியாசம்: அந்த ஏலத்துல மிச்சமாகுற டாலரால எந்தப் பிரயோஜனமும் இல்ல. நம்ம வாழ்க்கையில மிச்சமாகுறதுதான் அடுத்த சீசனுக்கான பலம்.

அடுத்த சம்பளத்துக்கு முன்னாடி உங்க அதிகபட்ச ஏலம் எவ்வளவுன்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. அந்த நம்பரை கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோவுல பேசுவோம்!