முதல் சால்மன்!

நான் பத்தாம் வகுப்பு வரை படித்த குடும்பத் தலைவி. வயது, 36. கணவரின் வேலை காரணமாக, கனடாவின் டொரண்டோ நகரில், ஸ்கார்பரோ பகுதியில் நான்கு வருடங்களாக வசிக்கிறோம். அவருக்கு இரவு ஷிப்ட்; பகலெல்லாம் தூக்கம். மகளைப் பள்ளியில் விட்டு வந்தால், சாயங்காலம் வரை சத்தமே இல்லாத வீடு. பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்த எனக்கு, மேல்மாடியில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா தான், தூண்டிலைக் கையில் கொடுத்தார்.

'மீன் பிடிக்கப் போறியா... பொம்பளையா?' என்று, என் கணவர் சிரித்தார். தாமிரபரணிக் கரையில் பிறந்தவள் நான். அண்ணன்கள் தூண்டிலோடு கிளம்பும் போது, 'பொட்டப் புள்ளைக்கு அங்க என்ன சோலி?' என்று, அப்பா என்னைத் திண்ணையிலேயே உட்கார வைத்து விடுவார். அது ஞாபகம் வந்ததாலோ என்னவோ, போயே தீருவது என்று பிடிவாதம் பிடித்தேன்.

ஒன்டாரியோ மாகாணத்தில், 18 முதல் 64 வயது வரை உள்ளவர்கள், லைசென்ஸ் வாங்கித் தான் தூண்டில் போட வேண்டும். அதை வாங்கிக் கொண்டு, செப்டம்பர் கடைசியில், மழை பெய்து ஓய்ந்த ஒருநாள், கென்னடி ஸ்டேஷனில் ரயில் ஏறி, ஓல்டு மில்லில் இறங்கினோம். பக்கத்திலேயே ஹம்பர் ஆறு. சால்மன் மீன்கள், ஏரியிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறும் சமயம் அது. சின்னச் சின்ன தடுப்பணைகளை அவை எம்பித் தாண்டுவதைப் பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கும்.

இந்த ஏரியின் சொந்த சால்மன் இனம், அணைகளாலும், காடழிப்பாலும், அளவில்லாமல் பிடித்ததாலும், 19ம் நூற்றாண்டு முடிவதற்குள் அழிந்தே போனதாம். இப்போது பெரிதாக வருவது, பசிபிக் கடல் பக்கத்திலிருந்து கொண்டு வந்து விட்ட, 'சினூக்' இனம். மூன்று, நான்கு வருடம் ஏரியில் வளர்ந்து, ஆற்றில் ஏறியதும் சாப்பாட்டையே நிறுத்தி, முட்டையிட்டதும் செத்துப் போகும். பசியே இல்லாத மீனைத் தூண்டிலில் பிடிப்பது எத்தனை கஷ்டம், பாருங்கள்!

மீன் சினையை வலைத்துணியில் கோலிக்குண்டு அளவு கட்டி, முள்ளில் மாட்டி, தக்கையோடு நீரோட்டத்தில் விட்டோம். இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. திடீரென தக்கை முங்கியது. கம்பு வில்லாக வளைந்தது. 'இழுக்காத பிள்ளை, ஓட விடு... தங்கூசி அறுந்து போடும்' என்று கத்தினார் அக்கா. கை கடுக்கக் கரை சேர்த்தால், முள் வாலில் மாட்டியிருந்தது! வாயில் மாட்டாத மீனை உடனே ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். பக்கத்தில் நின்றவர், 'யார் பார்க்கப் போறாங்க... எடுத்துட்டுப் போங்க' என்றார். எனக்கும் ஆசை தான். ஆனால், லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறதே! விட்டுவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்து விட்டது.

கிளம்ப அரைமணி இருக்கும் போது, மறுபடி தக்கை முங்கியது. இந்த முறை அவசரப்படவில்லை. அது ஓடினால் விட்டு, நின்றால் ரீலைச் சுற்றி... கால் மணி நேரப் போராட்டம். அக்கா வலையில் ஏந்தினார். முள், வாயோரத்தில்! 7 கிலோவுக்குக் குறையாது. ஐஸ் போட்ட பையில், அதை மடியில் வைத்தபடி ரயிலில் வந்தேன். பக்கத்து சீட்காரர் எழுந்து, தள்ளிப் போய் நின்றது வேறு கதை.

தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்த கணவர், பையைப் பார்த்து வாயைப் பிளந்தார். புளி கரைத்து வைத்த குழம்பை, மூன்று தட்டு சோற்றுக்கு ஊற்றிக் கொண்டார். நானும், மகளும் கொஞ்சமாகத் தான் சாப்பிட்டோம். ஏரி மீனில் ரசாயனம் சேர்ந்திருக்கும்; பெரிய மீனில் அதிகம். எந்த நீர்நிலையில், எந்த அளவு மீனை, மாதம் எத்தனை தடவை சாப்பிடலாம் என்று அரசே பட்டியல் போடுகிறது. குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கும், சிறு பிள்ளைகளுக்கும் அளவு இன்னும் குறைவு. இங்கு வரும் சகோதரிகள் அதைப் பார்க்காமல் அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

அன்று இரவே, ஊருக்குப் போன் போட்டேன். அம்மா நம்பவே இல்லை. போனை வாங்கிய அப்பா, கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'என்ன இரை போட்டே தாயி?' என்று கேட்டார்.

— ஒரு வாசகி, ஸ்கார்பரோ, கனடா.